உள்ளே தெரிந்தவர் எவரும் உண்டா

கச்சேரிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது பரமேஸ்வரன் மடியில் கைக்குட்டையை விரித்து, அதன் நடுவில் மூடி போட்ட ஒரு சின்னத் தகரப் பேணியை வைப்பார். பேணிக்குள் மூன்று தேக்கரண்டி ரவை. போத்தல் மூடியில் தண்ணீர் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு, வலது பெருவிரலால் மட்டும் பிசைவார். மற்ற விரல்கள் படக்கூடாது. பெருவிரலில் ஒட்டாமல் கழன்று வருகிற நேரம் பார்த்து அதை உருட்டி, இடது மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு கணம் வைத்துப் பார்ப்பார். குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோல இருக்கும். பிறகுதான் மிருதங்கத்தைத் திருப்பி, இடப்பக்கத் தொப்பித் தோலின் நடுவில் அப்புவார். நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெல்லிசு, சுட்டுவிரலால் சுற்றிவர ஒரு தட்டு. அந்தப் பசை இல்லாவிட்டால் தொப்பி வெறும் தோல்தான். அடிவயிற்றிலிருந்து வருவதுபோன்ற அந்தக் கும்மென்ற நாதம் பசையோடுதான் வரும். மிச்சமாகிற புளியங்கொட்டை அளவை எறியமாட்டார். மேடைக்குக் கூப்பிடும்வரை இரண்டு விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டே இருந்துவிட்டுப் பேணி மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுவார்.

இப்போதைய பிள்ளைகள் ரப்பர் போன்ற ஒரு பசையைக் கடையில் வாங்கி ஒட்டிக்கொண்டு போகிறார்கள். பரமேஸ்வரன் மாறவில்லை. "நீர் குழைக்கிற ரவையில ரெண்டு பேருக்கு உப்புமா காணும், ஐசே," என்று வயலின் தேவராசா பகிடி விடுவார். இருபத்திரண்டு வருடமாக அதே பகிடி.

பரமேஸ்வரனுக்கு ஐம்பத்துநாலு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்குப் போய், அங்கே பன்னிரண்டு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவி, பிறகு லண்டனுக்கு வந்து ஹவுன்ஸ்லோவில் தங்கிவிட்டவர். விமானங்களுக்குச் சாப்பாட்டு ட்ரொலி ஏற்றுகிற வேலை. விடிகாலை ஷிப்ட். வார நாட்களில் ட்ரொலி, சனி ஞாயிறில் அரங்கேற்றம். தேவராசா டூட்டிங்கில் ஒரு பலசரக்குக் கடையின் பொறுப்பாளர். வயலினும் மிருதங்கமுமாக இவர்கள் இருவரும் சேர்ந்து வாசிக்காத மண்டபம் மேற்கு லண்டனில் இல்லை. தேவராசாவின் மனைவி காலமாகி ஆறு வருடம். ஒரே மகன் லக்‌ஷன். அவன் போன வருடம் டொரொண்டோவுக்கு வேலையாகப் போய்விட்டான் என்று தேவராசா சொன்னபோது, பரமேஸ்வரனின் மனைவி நகுலேஸ்வரி அந்தக் குளிருக்கு ஒரு தடித்த ஸ்வெற்றர் வாங்கிக் கொடுத்தாள். போகிற ஆட்களிடம் கொடுத்துவிடுகிறேன் என்று தேவராசா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

சிறைச்சாலைக்கு வாசிக்கக் கூப்பிட்டவர் பியற்றிஸ். டூட்டிங் பக்கம் தேவாலயக் கொயரில் பாடுகிற யாழ்ப்பாணத்துப் பெண். சிறைகளுக்குள் இசையைக் கொண்டுபோகிற ஒரு சின்ன அறக்கட்டளையில் வேலை. பாட்டை உள்ளே இருக்கிறவர்களே எழுதுவார்கள், மெட்டும் அவர்களே போடுவார்கள், வெளியிலிருந்து போகிறவர்கள் கூட வாசித்தால் போதும் என்றார். செவ்வாய்க்கிழமை ஒத்திகை, வெள்ளிக்கிழமை மற்றக் கைதிகளுக்கு முன்னால் நிகழ்ச்சி. என்ர பேரை ஆர் தந்தது என்று பரமேஸ்வரன் கேட்டார். "ஆரோ சொன்னவை, பரமேசண்ணை," என்று பியற்றிஸ் வேறு கதைக்குப் போய்விட்டார்.

நிரப்ப ஒரு படிவம் வந்தது. ஏழாவது கேள்வி: இந்தச் சிறையில் உங்களுக்கு உறவினரோ தெரிந்தவர்களோ எவரும் உண்டா? விமான நிலையத்து அனுமதி அட்டைக்காக எத்தனையோ படிவங்களை நிரப்பிப் பழகிய மனிதர், ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தரம் வாசிக்கிறவர், அந்தக் கேள்விக்கு மட்டும் சிரித்துக்கொண்டே 'இல்லை' என்று கோடு போட்டார். "எங்கட ஆக்கள் அங்க ஆர் இருக்கப்போகினம்," என்றாள் நகுலேஸ்வரி.

செவ்வாய்க்கிழமை வாசலிலேயே முதல் அதிர்ச்சி. தொலைபேசி, பெல்ட், சில்லறை எல்லாம் ஒரு பெட்டிக்குள் போயின. கைரேகை எடுத்தார்கள். மிருதங்கத்தை இயந்திரத்துக்குள் அனுப்பி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தட்டிப் பார்த்தார்கள். அதுவரை ஒன்றுமில்லை. பேணியைத் திறந்த பெண் அதிகாரி வெள்ளையாகக் கிடந்த ரவையைக் கண்டதும் கையுறையை இழுத்து விட்டுக்கொண்டார். இது சாப்பாட்டுச் சாமான் என்றார் பரமேஸ்வரன். ஏன் மேளத்துக்குச் சாப்பாடு என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். விளக்குகிற ஆர்வத்தில் பரமேஸ்வரன் அங்கேயே தண்ணீர் விட்டுப் பிசைந்து காட்டினார். எவ்வளவு இதமாக வருகிறது பாருங்கள் என்று உருட்டிக் கையில் கொடுத்தார். அதிகாரி தன் இடுப்பிலிருந்த திறப்புக் கோர்வையில் ஒன்றை எடுத்து அதில் மெல்ல அழுத்தி எடுத்தார். ஒரு பல் விடாமல் அச்சு அப்படியே விழுந்திருந்தது.

பரமேஸ்வரன் அந்த அச்சைக் குனிந்து பார்த்தார். முப்பத்தைந்து வருடமாக விரல்களுக்கிடையில் உருட்டிய பொருள். அதைக் கொண்டு ஒரு பூட்டைத் திறக்கலாம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. சூயிங்கம் கூட உள்ளே விடமாட்டோம் என்றார் அதிகாரி, கோபமில்லாமல். பேணிக்கு ஒரு இலக்கத் துண்டு கொடுத்தார்கள்.

பிறகு கதவுகள். ஒன்றைப் பூட்டின பிறகுதான் அடுத்ததைத் திறக்கிறார்கள். எல்லாப் பூட்டும் ஒரே இரண்டு அடியில் விழுகின்றன, நெடில் ஒன்று, குறில் ஒன்று. பதினொரு கதவுவரை எண்ணினார். பிறகு எண்ண மனம் வரவில்லை.

ஒத்திகை சிறைக்குள்ளேயே இருந்த சிற்றாலயத்தில். ஒன்பது பேர் இருந்தார்கள். பரமேஸ்வரன் மனதில் படத்தில் பார்த்த முகங்களை வைத்துக்கொண்டு போனவர். இருந்தவர்களோ பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறவர்கள் மாதிரி இருந்தார்கள். அதுவும் ஒரு அதிர்ச்சி. நரைத்த தாடிக்காரர் ஒருவர் ஒட்டுப் போட்ட மூக்குக் கண்ணாடியோடு எழுந்து கை கொடுத்தார். பெயர் றொனால்ட். பாட்டு அவருடையது. ஒரு பள்ளிக்கூடக் கொப்பியிலிருந்து வாசித்துக் காட்டினார். தன் அறைச் சுவரில் முன்னால் இருந்தவன் கீறிவிட்டுப் போன கோடுகளைத் தான் எண்ணுவதாகவும், அவன் எப்போது எண்ணுவதை நிறுத்தினான், வெளியே போனதாலா அல்லது சலித்துப் போனதாலா என்று தெரியவில்லை என்றும் பாட்டு. யார் என்ன செய்துவிட்டு உள்ளே வந்தார்கள் என்று கேட்கக் கூடாது என்பது பியற்றிஸ் முதலிலேயே சொன்ன சட்டம். கேட்க வேண்டும் போலவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

பரமேஸ்வரன் வாசிக்கத் தொடங்கினார். வலப்பக்கம் மணிபோலப் பேசிற்று. இடப்பக்கம் தகரத்தில் தட்டுவதுபோல வந்தது. இது இவ்வளவுதானா என்று றொனால்ட் மரியாதையாகக் கேட்டார். பசையைப் பற்றி, வாசலில் நடந்ததைப் பற்றிப் பரமேஸ்வரன் தன் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருக்க, மற்றவர்கள் அந்தத் திறப்புக் கதையைக் கேட்டு வயிறு பிடித்துச் சிரித்தார்கள். கதவடியில் நின்ற அதிகாரியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

பின்வரிசையில் முதுகு காட்டிக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு மெலிந்த பெடியன் மட்டும் சிரிக்கவில்லை. மொட்டையாக வழித்த தலை. அவன் அதிகாரியிடம் போய் ஏதோ கேட்டான். அவர் தலையாட்டினார். மதியச் சாப்பாட்டுப் பொதியிலிருந்த சாண்ட்விச்சில் ஒரு துண்டுப் பாணை எடுத்து, கரையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, வெள்ளையை ஒரு கோப்பைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தான். பிறகு உள்ளங்கையில் வைத்துப் பிசைந்தான்.

பரமேஸ்வரன் முதலில் கையைத்தான் பார்த்தார். வலது பெருவிரலால் மட்டும் பிசைந்தது அந்தக் கை. உருட்டியது. இடது மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு கணம் வைத்துப் பார்த்தது. பெடியன் வந்து குந்தியிருந்து தொப்பியில் பசையை அப்பினான். நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெல்லிசு, சுட்டுவிரலால் சுற்றிவர ஒரு தட்டு.

அதன் பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

"மாமா, அடிச்சுப் பாருங்கோ," என்றான் லக்‌ஷன், உதடு அசையாமல்.

பரமேஸ்வரனின் கைகள் தோலின் மேலேயே கிடந்தன. டொரொண்டோ, ஸ்வெற்றர், இரண்டு கையாலும் வாங்கிய தேவராசா, எல்லாம் ஒரே நேரத்தில் நினைவில் வந்தன. இவன் வளர்ந்ததை வருடா வருடம் கண்டவர். அப்பாவின் கச்சேரிகளுக்கு முன் இவர் பசை குழைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, பிறகு முன்வரிசையில் இருந்து தாளம் போட்டவன். இப்போது கன்னம் உள்ளே போய், சாம்பல் நிற உடுப்போடு, யாரோபோலக் குந்தியிருந்தான். அதிகாரி இந்தப் பக்கம் பார்த்தார். பரமேஸ்வரன் தொப்பியை ஒரு தரம் அடித்தார். கும்மென்று எழுந்த நாதம் கல் சுவரில் பட்டு வந்தது. மற்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அதை இன்னொரு தரம் செய் என்றார் றொனால்ட்.

தேநீர் இடைவேளையில் இருவரும் மிருதங்கத்தின் வார்களை இழுத்துப் பார்ப்பதுபோலக் குனிந்து இருந்தார்கள்.

"அப்பாவுக்குத் தெரியும், மாமா. கோர்ட்டுக்கு ஒவ்வொரு நாளும் வந்தவர். தீர்ப்பு அண்டைக்கு வயலின் வாசிக்கப் போற மாதிரி வெள்ளை வேட்டி உடுத்துக்கொண்டு வந்து இருந்தார்."

 பார்க்க வருகிறவரா என்று பரமேஸ்வரன் மெல்லக் கேட்டார்.

"விசிற்றுக்கு நான்தான் பேர் குடுக்க வேணும். ஒருத்தற்ற பேரும் குடுக்கேல்லை. பதினாலு மாசம். என்னை இந்த உடுப்போட அவர் பாக்கக் கூடாது." ஒரு வாரை இழுத்து விட்டான். "அவர் இன்னும் வாசிக்கிறவரோ?"

"ஓம். போன கிழமையும் ரெண்டு பேரும் வாசிச்சனாங்கள்."

லக்‌ஷன் தலையை ஆட்டினான்.  அப்பாவிடம் சொல்லுங்கோ என்றும் சொல்லவில்லை, சொல்லாதேங்கோ என்றும் சொல்லவில்லை.

வெளியே வந்தபோது பேணியைத் திருப்பித் தந்தார்கள். ஏழாவது கேள்வி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தெரியும் என்று இப்போது சொன்னால் வெள்ளிக்கிழமை தன்னையோ அவனையோ எடுத்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் கையெழுத்துப் போட்டது பொய்யாகிவிடும். விமான நிலையத்து அட்டை கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பியற்றிஸ் காரில் ஏதேதோ கதைத்துக்கொண்டு வந்தார். பரமேஸ்வரன் ஒன்றும் சொல்லவில்லை. ஒத்திகை முடிந்து தொப்பியிலிருந்து பசையைச் சுரண்டியதில் பெருவிரல் நகத்துக்குள் பாண் ஒட்டியிருந்ததை வீட்டில் சாப்பிட உட்காரும்போதுதான் கண்டார். கழுவ மனம் வரவில்லை. கரண்டியால் சாப்பிட்டார். என்ன புதுப் பழக்கம் என்று நகுலேஸ்வரி கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சிற்றாலயத்தில் நூறு பேர்வரை இருந்தார்கள். சுவரோரம் முழுக்க அதிகாரிகள். லக்‌ஷன் பாண் பசையோடு ஆயத்தமாக நின்றான். கிற்றார்காரன் ஒருவன், கீபோர்ட்காரன் ஒருவன், நடுவில் கொப்பியோடு றொனால்ட். முதல் அடிக்குப் பின்வரிசையில் சிலர் கூவினார்கள். சுவர்க் கோடுகளின் பாட்டு வந்ததும் கூவல் அடங்கிற்று. றொனால்ட் வாசித்துக்கொண்டு போய் ஒரு இடத்தில் நிறுத்தினார். ஒத்திகையில் அந்த இடத்தில் கிற்றார் மட்டும்தான் இருந்தது. இப்போது லக்‌ஷன் முன்னால் வந்து கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கினான். சொல் இல்லை. வெறும் ஆலாபனை; கிற்றாரின் தாளத்தைப் பரமேஸ்வரனும் மெல்லப் பிடித்துக்கொண்டார்.

கரகரப்பிரியா. தேவராசாவுக்கு அந்த ராகத்தில் ஒரு பழக்கம் உண்டு. மேல் ஷட்ஜம்வரை ஏறிப்போய், அதைத் தொடாமல் வாசலில் நின்று திரும்பி வருவார். இரண்டு தரம் அப்படிச் செய்துவிட்டு மூன்றாம் தரம் தொடுவார். பரமேஸ்வரன் அதை நூற்றுக்கணக்கான தடவை பக்கத்தில் இருந்து கேட்டவர். லக்‌ஷனின் குரல் பயிலாத குரல், கரகரப்பு. ஏறிற்று, வாசலில் நின்றது, திரும்பிற்று. மறுபடி ஏறித் திரும்பிற்று. மூன்றாம் தரம் தொட்டபோது பரமேஸ்வரனின் இடது கை ஒரு அடியைத் தவறவிட்டது. முப்பத்தைந்து வருடத்தில் அப்படி நடந்ததாக அவருக்கு நினைவில்லை. ஒருவரும் கவனிக்கவில்லை. நூறு பேரும் கதிரையில் கையால் அடித்தார்கள். அந்தச் சத்தத்தில் லக்‌ஷன் திரும்பி அவரைப் பார்த்து, தவறவிட்ட அடியை விரலால் தன் தொடையில் போட்டுக் காட்டினான்.

ஐந்து நிமிடத்தில் எல்லோரையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கதவு இரண்டு அடியில் பூட்டிக்கொண்டது.

அடுத்த நாள் சனிக்கிழமை, ஹவுன்ஸ்லோவில் ஒரு பிள்ளையின் அரங்கேற்றம். மேடைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் பரமேஸ்வரன் கைக்குட்டையை விரித்து ரவை குழைத்துக்கொண்டிருந்தார். எதிரில் தேவராசா சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். உப்புமாப் பகிடி வரும் என்று பரமேஸ்வரன் காத்திருந்தார். வரவில்லை.

"என்ன ஐசே, நேற்று ஜெயிலுக்கெல்லாம் போய் வாசிச்சனீராம்."

"ஓம் அண்ணை."

"எப்பிடி?"

இரவு முழுக்க இதைத்தான் யோசித்திருந்தார். தேவராசா தெரிந்துகொண்டே மறைக்கிற மனிதர். டொரொண்டோ என்று ஊர் முழுக்கச் சொல்லி, ஸ்வெற்றரையும் வாங்கிக்கொண்டவர். அவரிடம் போய் உங்கள் மகனைக் கண்டேன் என்றால், நாளைக்கு இந்த முகத்தோடு எப்படிப் பக்கத்தில் இருந்து வாசிப்பார்? கண்டும் காணாதது போல இருப்பதுதான் தன்னால் கொடுக்கக்கூடிய மரியாதை. யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான், ஜெர்மனியிலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான்.

"பரவாயில்லை அண்ணை. நல்லாக் கேட்டாங்கள்."

தேவராசா சேர்ந்துவிட்ட தந்தியை மறுபடி இறக்கினார். "எல்லாம் வெள்ளையளோ?"

"எல்லா விதமும் இருந்தது."

"எங்கட பெடியள்..." முடுக்காணியைத் திருகிக்கொண்டே கேட்டார். "தெரிஞ்ச முகம் ஒண்டும் இல்லையோ?"

பரமேஸ்வரன் பசையை மணிக்கட்டில் வைத்துப் பார்த்தார். குனிந்தபடியே சொன்னார்.

"ஒண்டுமில்லை அண்ணை. எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை."

தேவராசா வில்லை எடுத்து மடியில் வைத்தார். பிறகு, "ம்," என்றார். அன்று கரகரப்பிரியா வந்தபோது அவர் மேல் ஷட்ஜத்தின் வாசலில் மூன்றாம் தரமும் நின்று திரும்பிவிட்டார். களைப்பாக்கும் என்று பரமேஸ்வரன் நினைத்தார். மறைத்துக் கொடுத்துவிட்டோம், அவரைக் காப்பாற்றிவிட்டோம் என்ற ஒரு நிம்மதிகூட இருந்தது.

படிவம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து, ட்ரொலிகளுக்கிடையில் நின்று பியற்றிஸுக்குத் தொலைபேசி எடுத்தார். ஏழாவது கேள்விக்குத் தான் எழுதியது பிழை, உள்ளே தெரிந்த ஒருவனைக் கண்டேன், போகும்வரை எனக்குத் தெரியாது, பெயர் சொல்ல ஏலாது என்றார். நிகழ்ச்சி முடிந்துவிட்டது, நான் எழுதிக் கொடுக்கிறேன், பயப்படாதேங்கோ என்றார் பியற்றிஸ். பிறகு அந்தக் கேள்வியால்தானே நாங்கள் முதலில் வாசிக்கக் கேட்ட ஆளையே இழந்தோம் என்று சிரித்தார்.

"முதல் ஆர்?"

"சொல்லக் கூடாது எண்டவர். சரி, இப்ப முடிஞ்சுதுதானே. எங்கட தேவராசா அண்ணைதான். படிவத்தை நிண்ட நிலையில வாசிச்சார். ஏழாவதுக்கு வந்து அதிலயே கன நேரம் நிண்டார். பிறகு எனக்கு ஏலாது பிள்ளை எண்டு திருப்பித் தந்துபோட்டு, 'பரமேசைக் கூட்டிக்கொண்டு போங்கோ, நான் சொன்னதெண்டு சொல்லாதேங்கோ' எண்டார்."

பரமேஸ்வரன் ஒரு ட்ரொலியைப் பிடித்துக்கொண்டார்.

"பாவம் அண்ணை, அவருக்குச் சரியான ஆசை போல," என்றார் பியற்றிஸ். "வெள்ளிக்கிழமை நாங்கள் வெளியில வர முதலே மூண்டு தரம் எனக்கு ஃபோன் எடுத்திருக்கிறார். பிறகு நான் எடுத்துக் கதைச்சன். பாட்டைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை. உள்ளுக்கு இருக்கிற பெடியள் மெலிஞ்சு போயோ இருக்கினம் எண்டு கேட்டார். 'நான் கவனிக்கேல்லை அண்ணை, பரமேசண்ணை உங்களுக்குச் சொல்லுவார்' எண்டு சொன்னன்."